வாத்தம்மா சொல்ல மறந்தது

கண்மாய்க்கரைக் கருவேலமரத்தில் ஏழு தவிட்டுக்குருவிகள் இருந்தன. மார்கழிப் பனி கொட்டத் தொடங்கினால் போதும், ஏழும் ஒரே கிளையில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்துகொள்ளும். நடுவில் இருப்பது பொட்டு, கூட்டைவிட்டு வெளியே வந்து சில நாளே ஆன குஞ்சு. அதன் தாய் தவுடிதான் கூட்டத்துக்குத் தலைவி.

தவுடிக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. யார் என்ன பேசுகிறார்கள், அதில் தன் பேச்சு அடிபடுகிறதா என்று கிளைக்குக் கிளை தாவிக்கொண்டே இருக்கும்.

அன்று மாலை, கீழே இரண்டு விருந்தாளிகள் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒன்று ஊட்டியிலிருந்து இறங்கி வந்த வாலாட்டி. மற்றொன்று இமயமலைக்கு அப்பாலிருந்து பறந்து வந்த வரித்தலை வாத்து.

"எங்க ஊட்டியில விடிஞ்சு பார்த்தா, புல்லெல்லாம் உப்பைக் கொட்டின மாதிரி உறைபனி கிடக்கும்!" என்றது வாலாட்டி.

"பூ, இவ்வளவுதானா! எங்க ஊர்ல ஏரியே கல்லாயிடும். ஆட்டுமந்தை அது மேலயே நடந்து அக்கரைக்குப் போகும்!" என்றது வாத்து.

"இங்கேயும்தான் குளிருது!" என்று தவுடி மேலிருந்து வாயைக் கொடுத்தது.

வாத்து அண்ணாந்து பார்த்தது. ஒட்டி உட்கார்ந்திருந்த குருவிகளைக் கண்டதும் விழுந்து விழுந்து சிரித்தது.

"இது குளிரா? எங்க வெயில்காலமே இதைவிடக் குளிருமே! இதுக்குப் போயா இப்படி மூட்டை கட்டி வச்ச மாதிரி உட்கார்ந்திருக்கீங்க?"

வாலாட்டியும் கூடச் சேர்ந்து சிரித்தது. தன் உறைபனி தோற்றுப்போன கடுப்பு அதற்கு.

தவுடிக்கு மானம் கப்பலேறிவிட்டது. அங்கும் இங்கும் தாவியது. இறகைக் கோதியது, கலைத்தது, மறுபடி கோதியது. கடைசியில் கிளைக்கு வந்து கத்தியது.

"இனிமே யாரும் ஒட்டி உட்காரக் கூடாது! தள்ளித் தள்ளி உட்காருங்க!"

"அக்கா, பொட்டு நடுங்குறானே!" என்றது தவுடியின் தங்கை.

"நடுங்கட்டும். அந்த ஊர்க் குளிரை நினைச்சுப் பாரு, இதெல்லாம் ஒரு குளிரா?"

தள்ளி உட்கார்ந்தார்கள். தவுடிக்கே பல் இருந்தால் கிட்டித்திருக்கும். ஆனாலும் அது வாத்து தன்னைப் பார்க்கிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தது. பொட்டைப் பார்க்கவில்லை.

விடிந்தபோது கிளையில் ஆறு பேர்தான் இருந்தார்கள்.

"பொட்டு! டேய் பொட்டு!"

கீழே கோரைப்புல்லில், பனியில் நனைந்து, விறைத்துக் கிடந்தான் பொட்டு. தவுடி பாய்ந்து போய் சிறகால் மூடியது. அந்தச் சின்னச் சிறகும் பனியில் ஊறித்தான் இருந்தது. பொட்டு அசையவில்லை.

"ஐயோ, வாத்தம்மா! என் பிள்ளை!" என்று அலறியது.

வாத்து தடதடவென்று ஓடி வந்தது. சிறகைத் தூக்கிக் குஞ்சை உள்ளே இழுத்துக்கொண்டது.

தவுடி வாத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. "மூச்சு வருதா? சொல்லேன்! வருதா?"

"கொஞ்சம் பொறு."

"எப்படிப் பொறுக்கிறது? நான்தானே தள்ளி உட்காரச் சொன்னேன்!"

வெயில் மெல்ல ஏறியது. வாத்தின் சிறகுக்குள்ளிருந்து "கீச்" என்று ஒரு சத்தம் வந்தது. தவுடி தலையை உள்ளே நுழைத்துப் பார்த்தது. உள்ளே கதகதவென்று இருந்தது. வெளியிறகுக்கு அடியில் அடுக்கடுக்காகப் பஞ்சு போன்ற தூவி. பொட்டு அதில் புதைந்துகொண்டு கண்ணைச் சிமிட்டினான்.

தவுடி தலையை வெளியே எடுத்தது. அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

"இப்படி ஒரு மெத்தையை உடம்போட போர்த்திக்கிட்டா என்னைப் பார்த்துச் சிரிச்சே?"

வாத்து தலையைக் குனிந்தது. "எங்க ஊர்க் குளிரைச் சொன்னேன். இந்தப் போர்வையைச் சொல்ல மறந்துட்டேன்."

"சரி, இவ்வளவு போர்வை இருக்கே. ஏரி கல்லாகுற ஊரை விட்டுட்டு இங்க எதுக்கு வந்தே?"

வாலாட்டி சத்தமில்லாமல் நழுவப் பார்த்தது.

"குளிர் தாங்க முடியாமத்தான் வந்தேன்" என்றது வாத்து, மெதுவாக.

அன்று மாலை பனி இறங்குவதற்கு முன்பே ஏழு குருவிகளும் ஒட்டி உட்கார்ந்துகொண்டன. தவுடி முதல் தடவையாக ஆடாமல் அசையாமல் இருந்தது. சற்று நேரத்தில் கிளை நுனியில் வாலாட்டி வந்து நின்றது.

"அக்கா, ஓரமா கொஞ்சம் இடம் கிடைக்குமா?"

"ஏன், உங்க ஊட்டிக் குளிர் என்னாச்சு?"

"அது அங்க இருக்கு அக்கா. இப்ப இங்க குளிருது!"

தவுடி சிரித்துக்கொண்டே நகர்ந்து இடம் விட்டது.

அடுத்தவர் பட்ட பெரிய குளிரைக் கேட்டு நம் நடுக்கம் நின்றுவிடாது; ஆகவே நம் குளிருக்கு வெட்கப்படவும் வேண்டாம், பிறர் குளிரைப் பார்த்துச் சிரிக்கவும் வேண்டாம்.