பனியனுக்கு ஒரு சொல், முதலாளிக்கு ஒரு சொல்

திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளி செங்கோடன் நூலில் மட்டுமல்ல, சொல்லிலும் மிச்சம் பிடிப்பார். பனியன் வாங்க வரும் ஜெர்மன்காரர்கள் பார்க்க வைக்கும் போர்டில் 'அவைலபிள்' இரண்டு இடத்தில் வந்தது. பனியன் அவைலபிள், நேரில் பேச முதலாளியும் அவைலபிள். மொழிபெயர்க்க வந்த பூங்கோதை ஜெர்மனில் இரண்டு வேறு சொற்கள் எழுதியிருந்தாள்.

"இங்கிலீஷ்ல ஒண்ணுதானே, இதுல எதுக்கும்மா ரெண்டு? பனியனுக்குப் போட்டதையே எனக்கும் போடு. முடியாதுன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்."

"போட்டுடறேனுங்க. ஆனா அது கடையில விக்கிற சாமானுக்குச் சொல்றதுங்க." பூங்கோதை பேனாவைத் திறந்தாள். "பனியன் மூணு சைஸ்ல கிடைக்கும்னு எழுதியிருக்கேன். நீங்க என்ன சைஸ்ல கிடைப்பீங்க?"

முதலாளி வயிற்றைத் தடவிக்கொண்டார்.

"ரெண்டு சொல்லே இருக்கட்டும்மா."