அடி இளகக் கூடாது

மலைமேல் இருந்த ஒரு துப்பாக்கி சுடும் கழகத்தில் தேவசகாயம் ஆயுதப் பொறுப்பாளர். சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டைப் பதப்படுத்தி மறுபடி நிரப்புவதில் தேர்ந்தவர். அவரிடம் அந்த வேலையைப் படிக்க வந்த உமையாள் அவரைவிட வயதில் மூத்தவர். போட்டிகளில் சுடுகிறவர்.

“கூட்டின் கழுத்து ஏன் விரிசல் விடுகிறது, மாஸ்டர்?” என்று ஒருநாள் கேட்டார்.

“திரும்பத் திரும்பச் சுட்டால் பித்தளை இறுகிப்போகும். தீயில் காட்டினால் இளகும்.”

“எவ்வளவு காட்ட வேண்டும்?”

தேவசகாயம் எழுந்து பின்னறையின் ஜன்னல்களைச் சாத்தினார். பகல்தான், ஆனால் வெளியே மூடுபனி. அறை இருண்டுவிட்டது.

உமையாள் கொண்டுவந்திருந்த ஒவ்வொரு கூட்டையும் விரலால் தடவிப் பார்த்தார். வெடிமருந்து இல்லை. அடியில் அதைப் பற்றவைக்கும் கேப்பு இல்லை. எல்லாம் வெறுங்கூடு.

“உயிருள்ள தோட்டா எதுவும் இந்த அறைக்குள் வரக்கூடாது” என்றார்.

பர்னரைப் பற்றவைத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு கூட்டின் அடியை வெறும் விரல்களால் பிடித்து, கழுத்தைத் தீயில் சுழற்றினார். பித்தளையில் நீலம் படர்ந்தது. சிவப்பு எட்டிப் பார்க்கும் முன்பே தட்டுத் தண்ணீரில் போட்டார்.

“சிவப்பு தெரியுதான்னு பார்க்கத்தான் இருட்டு. கழுத்து இளகணும். அடி இளகக் கூடாது. வெடிப்பைத் தாங்குறது அடி. சுடும்போது அது உங்க கன்னத்துக்குப் பக்கத்தில் இருக்கும்.”

“கை சுடுமே?”

“சுட்டால் போட்டுடுங்க. அதுக்குத்தான் கை.”

தண்ணீர் பிடிக்க வாளியோடு தேவசகாயம் வெளியே போனார்.

உமையாள் தொடர்ந்தார். கொஞ்ச நேரத்தில் விரல் நுனிகள் எரிந்தன. மேசையில் கிடந்த குறட்டை எடுத்துக்கொண்டார். குறட்டுக்குச் சூடு தெரியவில்லை. கழுத்தில் மெல்லச் சிவப்பு பூத்தது. அழகாக இருந்தது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். சிவப்பு தோளில் இறங்கி, உடலில் இறங்கி, அடியைத் தொட்டது.

அவர் திடுக்கிட்டுக் கூட்டைத் தீயிலிருந்து எடுத்தார். தனியே வைக்கலாமா என்று தயங்கினார்.

“பரவாயில்லை, போடுங்க” என்றது காதருகே ஒரு குரல்.

தண்ணீரில் போட்டார். ஸ்ஸ் என்றது.

கதவு திறந்தது. வாளியோடு தேவசகாயம் உள்ளே வந்தார். தலைமுடியில் பனி ஈரம்.

உமையாள் அவரையும் கதவையும் மாறிமாறிப் பார்த்தார். “மாஸ்டர், நீங்க இப்போ இங்கே இருந்தீங்கதானே?”

“குழாயடியில் இருந்தேன். ஏன்?”

“ஒரு கூடு அடிவரைக்கும் சிவந்துடுச்சு. போட்டுட்டேன். நீங்கதானே பரவாயில்லைன்னு சொன்னீங்க?”

தேவசகாயம் வாளியைக் கீழே வைத்தார். ஜன்னலைத் திறந்தார்.

“எது அந்தக் கூடு?”

உமையாள் தட்டைக் கிளறினார். எல்லாக் கழுத்திலும் ஒரே நீலக்கறை, எல்லா அடியிலும் ஒரே பழைய கருப்பு. ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். தெரியவில்லை.

தேவசகாயம் ஒரு சுத்தியலை அவர் முன்னால் வைத்தார்.

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்.”

“ஞாயிற்றுக்கிழமை போட்டி. ஒரே எடையில் தேடிச் சேர்த்தது, மாஸ்டர். கெட்டது ஒண்ணே ஒண்ணுதான்.”

“உங்களுக்கு முன்னால் ஜெயசீலன்னு ஒருத்தர் என்னிடம் படிச்சார். அவரும் இதைக் கேட்டார். நீங்கதானே பரவாயில்லைன்னு சொன்னீங்கன்னு.”

“எப்போ?”

“ஆஸ்பத்திரியில். முகம் முழுக்கக் கட்டுப் போட்டிருந்தது. நான் வந்திருக்கேன்னு என் குரலை வெச்சுத்தான் கண்டுபிடிச்சார்.”

உமையாள் சுத்தியலை எடுத்தார். முதல் கூடு நசுங்கியது. பிறகு அடுத்தது. பாதித் தட்டு காலியான பிறகு கை நின்றது. பின்னால் திரும்பிப் பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை.

“அது யாருடைய குரல், மாஸ்டர்?”

தேவசகாயம் பர்னரை அணைத்தார்.

“தெரியாது. எனக்கும் கேட்கும். எனக்கு அது என் குரலிலேயே கேட்கும்.”