தண்ணீர் முறைப்படி நில்லுங்கள்

முன்னொரு காலத்திலே காரைவளநாடு என்ற சீமையை அதிவீரகேது என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் காலையில் சொன்னது மத்தியானம் அவனுக்கு நினைவிருக்காது. மழை பொய்த்துப்போகவே, "பயிர் வைக்கிறவர் எல்லாருக்கும் போகத்துக்குப் போகம் அரண்மனை விதைநெல்" என்று பறையடிக்கச் சொன்னான். பட்டியல் எழுதுவதைத் தானாதிகாரி திருமேனிநாதரிடம் விட்டுவிட்டு வேட்டைக்குப் போய்விட்டான்.

கடைமடையில் அரைக்காணி உழுத பொம்மி மூன்று தடவை தானாதிகாரியின் கச்சேரிக்கு நடந்தாள். மூன்று தடவையும் பெயர் இல்லை என்று விரட்டினார்கள். இரண்டு போகம் தரிசாகக் கிடந்த நிலம் அரண்மனைக்குச் சேரும் என்பது அந்நாட்டுச் சட்டம். முதல் போகத்தைக் கையிருப்பு விதையில் ஒப்பேற்றினாள், போன போகம் தரிசு. இன்னும் நாலு நாளில் விதைக்காவிட்டால் நிலம் போச்சு.

மூன்றாம் போகத்து நெல் அளக்கிற அன்று, வேட்டையிலிருந்து திரும்பியிருந்த ராஜா முன்னால் நேரே போய் நின்றாள்.

"ராசா, பட்டியல்ல இருக்கிறவங்கள்ல பாதிப்பேர் சேத்துல காலே வச்சதில்ல."

திருமேனிநாதர் சிரித்தார். "கிடைக்காத வயிற்றெரிச்சல், மகாராஜா. உழுகிறவன் யார், உழாதவன் யார் என்று நெற்றியில் எழுதியா ஒட்டியிருக்கிறது?"

ராஜாவுக்கு வேடிக்கை பார்க்க ஆசை வந்துவிட்டது. "பெண்ணே, இப்போதே பிரித்துக் காட்டு. காட்டினால் கேட்டதைத் தருகிறேன். இல்லையென்றால் உன் நிலம் என்னுடையது."

பட்டியலில் பெயரில்லாமல் வாசலில் கிடந்தவர்களைப் பொம்மி திரும்பிப் பார்த்தாள்.

"நெல்லு வாங்க வந்தவங்க, வாசல்ல காத்துக் கிடக்கிறவங்க, எல்லாரையும் தண்ணி பாய்ச்சுற முறைப்படி வரிசையா நிக்கச் சொல்லுங்க ராசா" என்றாள்.

அந்தச் சீமைக்கு ஒரே வாய்க்கால், ஒருவர் வயல் நிறைந்த பிறகுதான் அடுத்தவருக்கு மடை திறக்கும். தனக்கு முன்னே யார், பின்னே யார் என்பது உழுகிறவனுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். சொன்னதுதான் தாமதம், கந்தல் கட்டியவர்கள் மளமளவென்று நின்றுவிட்டார்கள். பட்டு உடுத்தியவர்கள் திருதிருவென்று விழித்தார்கள். ஒருவர் நைசாக நடுவில் நுழையப் பார்த்தார்.

"சாமி, எனக்கு அடுத்தது இவரு வயலு. நடுவுல நீங்க எங்கேருந்து வந்தீங்க?" என்றான் ஒரு குடியானவன்.

பொம்மி கடைசியில் நின்றாள். அவளுக்கு முன்னே ஓராள் இடம் வெறுமனே கிடந்தது.

"அதை ஏன் விட்டிருக்கிறாய்?" என்றான் ராஜா.

"அது நல்லான் அண்ணன் இடம். ரெண்டு போகம் விதை கொடுக்காம, தரிசுன்னு நிலத்தப் புடுங்கிட்டாங்க. பிள்ளைகளோட எங்கேயோ போயிட்டாரு."

ராஜா நிலக்கணக்கு ஓலையை வாங்கிப் பார்த்தான். நல்லான் நிலத்துக்கு நேராக அரண்மனை பெயர் இல்லை, திருமேனிநாதர் பெயர் இருந்தது.

"போய் உம்முடைய இடத்தில் நில்லும்" என்றான்.

சரிகை அங்கவஸ்திரத்தோடு தானாதிகாரி அந்த வரிசை முழுக்கக் கடந்து வந்து நின்றார்.

"உமக்கு முன்னால் நிற்கிறவர் பெயர் என்ன?"

திருமேனிநாதருக்குத் தெரியவில்லை. முத்திரை மோதிரத்தை அங்கேயே கழற்றச் சொன்னான் ராஜா. உழுகிறவர்களுக்கெல்லாம் அன்றே நெல் அளந்தார்கள். தரிசுச் சட்டமும் ஒழிந்தது.

"உனக்கென்று கேள், பெண்ணே."

"நல்லான் அண்ணனக் கொண்டாந்து விடுங்க."

நாலு திக்கும் குதிரை போயிற்று. பொம்மி விதைத்தாள், கதிர் முற்றியது, அறுப்பும் முடிந்தது. போன குதிரைகள் நல்லான் இல்லாமலே ஒவ்வொன்றாகத் திரும்பின. ராஜா மறக்காமல் இருந்தும் நிறைவேறாமல் போன வாக்கு அது ஒன்றுதான்.