வேலி வரைக்கும் வந்த கஞ்சி

முன்னொரு காலத்தில் நடுக்கடலில் ஒரு குட்டித் தீவை மகரவேந்தன் என்கிற ராஜா ஆண்டுவந்தான். காலையில் கிளம்பித் தீவைச் சுற்றினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம், அவ்வளவுதான் ராஜ்யம்! ஆனால் தமிழர், மலாய்க்காரர், சீனர், அரபியர் என்று அத்தனை பேரும் அங்கே சுவரோடு சுவராகக் குடியிருந்தார்கள். அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். வேறு பாஷை பேசுகிற வீட்டிலிருந்துதான் கஞ்சி வரவேண்டும்.

பெரிய தேசத்துத் தூதர் ஒருவர் தீவைப் பார்க்க வரப்போவதாகச் சேதி வந்தது. ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. நாட்டை அவருக்கு எப்படி அறிமுகம் செய்வது? மந்திரி நல்லபெருமாள் மேல் வயிறெரிந்துகொண்டிருந்த பொன்னம்பலராயர் முந்திக்கொண்டார். இப்படிக் கலந்துகட்டிக் கிடந்தால் தூதருக்கு என்ன விளங்கும், ஆளுக்கொரு பேட்டையாகப் பிரித்து வேலி போட்டால் வரிசையாகக் காட்டிவிடலாம் என்றார். மந்திரி எவ்வளவோ தடுத்துப் பார்த்தார். கேட்பானா ராஜா? வேலியைப் போட்டு, தாண்டினால் சிறை என்று உத்தரவே போட்டுவிட்டான் அந்தப் புண்ணியவான்.

"ராயரைவிட நன்றாக நீர் அறிமுகம் செய்துகாட்டும், வேலியைப் பிடுங்குகிறேன். தோற்றால் உம் பதவி அவருக்கு" என்று மந்திரியிடம் சொன்னான்.

சரியென்று போன மந்திரி, தூதர் வந்து இறங்கிய அன்று செத்துப்போனார்.

ராஜா பதறியடித்துக்கொண்டு தூதரோடு ஓடினான். வீட்டில் அடுப்பு எரியவில்லை. பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தன. கஞ்சி ஏன் வரவில்லை என்று வெளியே வந்து பார்த்தால், வேலிக்கு அந்தப் பக்கம் நெடுகப் பானையும் கையுமாக ஜனங்கள். கஞ்சி ஆறி ஆடை கட்டியிருந்தது. இவர்களெல்லாம் யார் என்று தூதர் கேட்டார்.

"இதுதான் எங்கள் நாடு, தூதரே. இப்போதைக்கு வேலி வரைக்கும்தான் வரமுடிகிறது."

சொன்னவர் செத்துப்போன மந்திரி! செத்ததுபோல் கிடந்தவர் எழுந்து வந்து வாசலில் நின்றார்.

தூதர் அசந்துபோய்க் கைகூப்பினார். ராஜாவுக்குச் சந்தோஷமான சந்தோஷம். ராயர் கையாலேயே வேலியைப் பிடுங்கவைத்தான். தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்கு நீட்டினான்.

அப்போது சலீமா என்கிற மலாய்க்காரி பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"மந்திரி ஐயா எழுந்துட்டார், நல்லது. வேலி போட்டதும் எங்க வீட்டுக்காரர் செத்தாரு, ராஜா. அவர் எழுந்திரிக்கலை. அன்னைக்கும் இவங்க இதே மாதிரி பானையோட நின்னாங்க. எம் பிள்ளைங்க பட்டினியாப் படுத்துச்சு."

ராஜாவுக்குச் சுருக்கென்றது. அன்றைக்குக் காவல்காரன் ஓடிவந்து அதைத்தான் சொன்னான். வேலிக்கு என்ன சாயம் பூசலாம் என்று ராயரோடு பேசிக்கொண்டிருந்தவன், அப்புறம் பார்க்கலாம் போ என்று விரட்டிவிட்டான். மந்திரியும் மாலைக்குக் கை நீட்டவில்லை. இந்த யோசனை அன்றைக்கே வராமல் போயிற்றே என்று தலைகுனிந்து நின்றார்.

"தப்புப் பண்ணிட்டேன் தாயே" என்றான் ராஜா.

"சரி ராஜா, வழி விடுங்க. இந்தப் பிள்ளைங்க காலையிலேர்ந்து சாப்பிடலை" என்றாள் அவள்.