கருகிய சரிவும் முள்ளம்பன்றியின் இரக்கமும்

மலைச்சரிவில் தீயைப் போட்டுவிட்டு ஓடியவன் எவனோ, அவன் அடுப்பில் ஒரு மாதத்துக்கு உலை கொதிக்காமல் போக!

இப்படித் திட்டிக்கொண்டு நின்றது செவலை என்ற வரையாடு. திட்டாமல் என்ன செய்யும்? வயிற்றில் குட்டி. மழைக்காலத்தில் பிறந்துவிடும். பால் சுரக்கப் புல் வேண்டும். சரிவு முழுக்கக் கரி!

மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒரு முள்ளம்பன்றி வந்தது.

"புல்லெல்லாம் செத்துப்போச்சு, அக்கா! கூட்டத்தோட அடுத்த மலைக்குப் போயிடுங்க!"

"நீ வரலையா?"

"நானா? இந்தப் பாழை யாராவது காவல் காக்கணுமே!"

செவலைக்குச் சுர்ரென்றது. தியாகம் பேசுகிற எவனையும் அது நம்பியதில்லை. உற்றுப் பார்த்தது. முள்ளம்பன்றியின் மூக்கில் ஈரமண். மீசையில் வெள்ளையாக ஒரு வேர்த்துண்டு.

"செத்த புல்லுக்கு ஈர வேரா? யார் காதுல பூச்சுத்துற?"

குளம்பால் கரியைக் கீறியது. அடியில் புல்வேர் கொத்துக் கொத்தாக உயிரோடு கிடந்தது!

"சும்மா ருசி பார்த்தேன், அக்கா!"

"நீ ருசி பார்த்து முடிச்சா, முளைக்க என்னடா மிச்சம்? ஒரே முட்டுல அடிவாரம் போயிடுவ!"

"முட்டுங்க! முள்ளு யாருக்குக் குத்தும்?"

அதுவும் நியாயம்தான். செவலை குரலைத் தாழ்த்தியது.

"சரி. சிறுத்தை வந்தா பாறை மேல நின்னு சீட்டி அடிக்கிறது யாரு?"

"நீங்கதான்."

"இனிமே அடிக்க மாட்டேன்."

முள்ளம்பன்றியின் முட்கள் மளமளவென்று படுத்துக்கொண்டன.

"அக்கா! என்னதான் செய்யணும்?"

"புல்வேரைத் தொடாதே! எங்கிருந்தோ வந்த சீகை மரத்தோட விதை, தீச்சூட்டுல வெடிச்சு முளைக்கும்; வளர்ந்தா புல்லை மூடிக் கொன்னுடும். அந்தக் கன்றுகளைத் தின்னு! புல் பூக்கிறவரை எங்க கூட்டமும் தளிர்ல வாய் வைக்காது. பாறை இடுக்குல தீ தொடாத புல் கொஞ்சம் இருக்கு. அதுல அரை வயிறு!"

மழை வந்தது. புல் நிமிர்ந்தது, பூத்தது. குட்டி பிறந்தது, வாய் நிறையப் பால்.

"சீகை கசக்குது, அக்கா!"

"மெல்லுடா!"

மென்றது. ஆனால் சீகை ஆயிரமாயிரமாக முளைத்தது; முள்ளம்பன்றிக்கு வாய் ஒன்றுதான். தீ போட்ட மகராசா, எங்கே ஒளிந்திருக்கிறாய்? இறங்கி வா! மிச்ச சீகையை உன் கையால் பிடுங்கு!

வேர் இருக்கிறவரை நிலத்தைக் கைவிடாதே. கெடுத்தவன் வந்து சரிசெய்கிறவரை அவனையும் சும்மா விடாதே!