விடுப்பும் அவள் தம்பியும்

அரசாங்கத்துக்கு ஒரு மகளும் ஒரு மகனும் இருந்தார்கள். மகள் பெயர் விடுப்பு. மகன் பெயர் உதவித்தொகை. வேலைக்குப் போகிற பெண் யாராவது பிள்ளை பெற்றால் இருவரும் சேர்ந்து அவள் வீட்டுக்குப் போய் ஆறு மாதம் தங்கிவிட்டு வர வேண்டும். அது அப்பாவின் உத்தரவு.

சட்டை தைக்கும் கம்பெனியில் வேலை பார்த்த வடிவுக்கு அம்மா வீட்டில் பெண் குழந்தை பிறந்தது. விடுப்பு அன்றைக்கே வந்துவிட்டாள். பாயோரம் உட்கார்ந்து, "நீ படுத்துக்கோ. தையல் மெஷினை மறந்துடு. நான் இருக்கேன்" என்றாள்.

"நீங்க மட்டுமா வந்தீங்க? கூட ஒருத்தர் வருவார்னு சொன்னாங்களே?" என்று கேட்டாள் வடிவு.

"என் தம்பிதானே? பின்னாலேயே வர்றான். ஏதோ ஒரு கையெழுத்து வாங்கணும்னான்."

ஒரு மாதம் போயிற்று. வடிவு பிள்ளையோடு புருஷன் ஊருக்குத் திரும்பினாள். விடுப்பும் கூடவே வந்தாள். தம்பியைத்தான் காணோம்.

வடிவின் புருஷன் கொம்பையா சாயங்காலத்தில் பரோட்டா கடைக்கு மாவு பிசையப் போகிறவன். அவன் சம்பாத்தியம் வாடகைக்குத்தான் காணும். கம்பெனியில் வேலையை விட்டுவைத்தார்களே தவிர, வராத நாளுக்குச் சம்பளம் இல்லை. வடிவு ராத்திரிச் சோற்றை நிறுத்தினாள். பிறகு காலைப் பலகாரத்தையும் நிறுத்தினாள்.

"அக்கா, படு படுங்கிறீங்க. பசிக்கிற வயித்தோட எப்படிக்கா படுக்கிறது?" என்றாள் ஒருநாள்.

விடுப்புக்கு முகம் சுருங்கிப் போனது. "நானே போய் அவனைக் கூட்டிட்டு வர்றேன். அதுவரைக்கும் நீ வேலைக்குப் போயிடாதே" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

தம்பி ஓர் அலுவலகத்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். மடியில் கோப்பு. கண் எங்கேயோ வெறித்துக்கொண்டிருந்தது.

"அக்கா, எனக்கு ஒண்ணுமே புரியலை. வடிவு எத்தனை பேர்?"

"ஒருத்திதான்டா."

"பேங்க் புத்தகத்துல ச. வடிவு. ஆஸ்பத்திரிச் சீட்டுல கொ. வடிவு. முதல் ஆளுக்குக் கணக்கு இருக்கு, குழந்தை இல்லை. ரெண்டாவது ஆளுக்குக் குழந்தை இருக்கு, கணக்கு இல்லை. அம்மா ஊருக்குப் போனேன், புருஷன் ஊர்ல கேளுன்னாங்க. இங்கே வந்தா, பிரசவம் இங்கே நடக்கலைங்கிறாங்க. நான் எந்தப் பக்கம் போறது?"

விடுப்பு அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள். மேஜைமேல் இருந்த கணினி சொன்னது: "ரெண்டு பேரும் ஒருத்திதான்னு அவளே நேரில் வந்து சொல்லணும்."

பக்கத்தில் இருந்த ரப்பர் முத்திரை குறுக்கிட்டது: "நேரில் வந்து நிற்கத் தெம்பு இருக்கிறவளுக்கு விடுப்பு எதுக்கு?"

"நான் அவளைப் பார்த்தவள். கூடவே இருந்தவள்" என்றாள் விடுப்பு.

"எந்த வடிவோட இருந்தே?" என்று கேட்டது கணினி.

விடுப்பு வாயைத் திறந்தாள். கேள்வி அவளையும் ஆட்டிவிட்டது. பிள்ளையோடு இருந்தவள் கொ. வடிவா, பசியோடு இருந்தவள் ச. வடிவா? ஒரு நொடி அவளுக்கே நிச்சயமில்லை. தம்பியோடு வெளியே வந்து அவளும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

எத்தனை நாள் அப்படி இருந்தார்கள் என்று இருவருக்கும் நினைவில்லை. ஒரு திங்கட்கிழமை, சகாயமேரி என்ற எழுத்தர் தன் பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பினாள். கோப்பைப் புரட்டியவள் சிரித்துவிட்டாள்.

"இதுல என்ன குழப்பம்? கல்யாணத்துக்கு முன்னாடி அப்பா இனிஷியல், பின்னாடி புருஷன் இனிஷியல். எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு." கையெழுத்துப் போட்டாள். முத்திரை முணுமுணுத்துக்கொண்டே போய் உட்கார்ந்தது.

அக்காவும் தம்பியும் ஓட்டமாய் ஓடி வடிவின் வீட்டுக்கு வந்தார்கள். உச்சி வெயில். உள்ளே தொட்டில் ஆடியது. கையில் புட்டிப்பாலோடு கொம்பையா நின்றான். குழந்தை அதைத் தொடாமல் வீறிட்டு அழுதது.

"வடிவு எங்கே?" என்றாள் விடுப்பு.

"கம்பெனிக்குப் போக ஆரம்பிச்சு எட்டு நாளாச்சே. நீங்க இத்தனை நாளா எங்கே போனீங்க?"

"நான் இன்னும் முடியவே இல்லையே!" என்று கதறினாள் விடுப்பு.

தம்பி கோப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அக்கா, அவங்க உன்கூட வீட்டுல இருந்தாத்தான் நான் உள்ளே போகலாம். அப்படித்தான் எழுதியிருக்கு."

"நீ உள்ளே போனாத்தானேடா அவ என்னோட இருப்பா!"

"அப்போ யார் முதல்ல போறது?"

இருவரும் வாசற்படியில் நின்று வழக்காடினார்கள். அவன் சொன்னதும் சரியாக இருந்தது. அவள் சொன்னதும் சரியாக இருந்தது. சரி கூடக்கூடக் குழப்பமும் கூடியது.

அப்போது தெருமுனையிலிருந்து வடிவு ஓடி வந்தாள். கம்பெனியில் சாப்பாட்டு நேரம். தலைமுடியில் நூல் துணுக்குகள். பால் கட்டி ரவிக்கை நனைந்திருந்தது.

"வடிவு, தம்பியைக் கூட்டிட்டு வந்துட்டேன்!" என்றாள் விடுப்பு.

தம்பி பேனாவை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தான். "ஒரே ஒரு சந்தேகம்மா. நீங்க இப்போ விடுப்புல இருக்கீங்களா, வேலையில இருக்கீங்களா?"

வடிவு மூச்சு வாங்கினாள்.

"அரை மணி நேரத்துல திரும்பணும். பிள்ளை பசியில அழுவுது. ரெண்டு பேரும் கொஞ்சம் வழியை விடுங்க."