கரடிக்குத் துருவிய காரட்

முதலில் கெடுத்தது செவத்தான் என்ற குரங்குதான். அதைச் சொல்லிவிட்டுத்தான் கதையைத் தொடங்க வேண்டும்.

ஒரு மலைச்சரிவுக் காட்டில் கரியன் என்ற கிழக்கரடி இருந்தது. தேனும் பலாவும் தின்று தின்று அதற்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. கண் மங்கிக்கொண்டே போனது. பனிக்காலம் முடிந்ததும் குட்டியோடு வருவதாக அதன் மகள் சொல்லி அனுப்பியிருந்தது. பேரக்குட்டியின் முகத்தைப் பார்க்கும்வரை கண் இருந்தால் போதும் என்று கரடி எல்லோரிடமும் புலம்பியது.

குளத்துக்கு வந்த செங்கால் நாரை ஒரு வழி சொன்னது. அது வருஷாவருஷம் ஜெர்மனியிலிருந்து பறந்து வருவது. அங்கே காரட்டைத் துருவி, வெங்காயம், கடுகு, எண்ணெய், புளிப்பு சேர்த்து, அரை நாள் ஊற வைத்துத் தின்பார்களாம். சிலர் இனிப்பும் சேர்ப்பார்கள், கரடிக்கு அது ஆகாது, காரட்டும் ஒரு கைப்பிடிக்கு மேல் கூடாது என்றது.

சாம்பலன் என்ற முயல் அந்த வேலையை ஏற்றுக்கொண்டது. கரடிக்குப் பல் இல்லை. அதனால் சொரசொரப்பான பாறையில் காரட்டைப் பூப்போலத் தேய்த்தது. முன்னங்கால் தோல் உரிந்தது. காட்டு எலுமிச்சை பிழியும்போது அந்தப் புண் எரிந்தது.

கரடி முகத்தைச் சுளித்தது. "முயல் தீனியை எனக்குப் போடறியேடா."

"வாய்க்குப் போடல, பெரியப்பா. கண்ணுக்குப் போடறேன்."

பத்து நாளில் குளத்துக்கு அக்கரையில் நின்ற கொக்கு கரடியின் கண்ணுக்குத் தெரிந்தது. முயல் துள்ளிக் குதித்தது.

காரட் ஊறும் நேரத்தில் முயல் மறுநாளுக்குக் காரட் தோண்டப் போகும். காரட்டை ஊற வைத்த இலைக்குக் காவல் இருந்தது செவத்தான். கரடியின் குகைக்கு மேலே இருந்த அத்திமரத்தின்மேல் அதற்கு வெகுநாள் ஆசை. ஒருநாள் காரட்டில் தேனைக் கலந்தது.

"அவனுக்குக் கைப்பக்குவம் கிடையாது, மாமா. நான் சரி பண்ணிட்டேன். நமக்குள்ளயே இருக்கட்டும்."

கரடி இலையை நக்கித் தீர்த்தது. மரத்தைக் குரங்குக்கு விட்டுக்கொடுத்தது. குரங்கும் அன்றிலிருந்து தினமும் தேன் கலந்தது. முயலிடம், இப்போதுதான் ருசி வந்திருக்கிறது என்று மட்டும் கரடி சொன்னது. முயல் அதை நம்பியது. பெரியவருக்கு வைத்ததை எச்சில் படுத்தக் கூடாது என்று அது ஒருநாளும் வாய் வைத்துப் பார்த்ததில்லை.

மகள் வந்து சேர்ந்தபோது கரடிக்குப் பார்வை முழுதும் போயிருந்தது. குட்டியின் முகத்தைக் கையால் தடவித் தடவி அழுதது. அப்பாவுக்கு யார் என்ன கொடுத்தது என்று மகள் கேட்டது.

"எல்லாம் முயல் கொடுத்த தீனிதான்" என்று அத்திமரத்திலிருந்து குரல் வந்தது.

முயல் ஓடிப்போய் இலையில் முதல் தடவையாக நாக்கை வைத்தது. இனித்தது.

"பெரியப்பா, இதுல தேன் இருக்கு. நான் போடலைன்னு உங்களுக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லுங்க."

கரடிக்குக் கண்தான் போயிருந்தது. காது நன்றாகக் கேட்டது. ஆனாலும் அது பாறைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. மகள் முயலைக் காட்டைவிட்டே விரட்டியது.

இன்று முயல் காட்டுக்கு வெளியே, குளத்துக்கு அக்கரையில் தனியாக இருக்கிறது. ஒவ்வொரு பனிக்காலமும் நாரை வந்து, கரடிக்குக் குணமானதா என்று கேட்கும். முயல் முன்னங்காலில் இருக்கும் தழும்பை மட்டும் காட்டும். அந்த ஒரு வார்த்தை இன்னும் வரவில்லை.

இனித்த பொய்யை விழுங்கிவிட்டு, உழைத்தவன்மேல் பழி விழும்போது வாய்மூடி இருப்பவன் செத்தாலும் கடன்காரன்தான்.